அவன் ‘அது’ ஆன வரலாறு: காஃப்காவின் ‘உருமாற்ற’மும் அதன் காலச்சூழலும்

முன்னுரை

உருமாற்றக் கதைகள் உலக இலக்கியத்திற்குப் புதியன அல்ல. இலத்தீன் கவிஞர் ஒவிட்டின் பெருநூலில் தெய்வங்களின் சினத்தாலும் இரக்கத்தாலும் மானிடர் மரங்களாகவும் பறவைகளாகவும் விலங்குகளாகவும் மாறுகின்றனர். அப்புலேயஸின் கதையில் மாய மருந்தால் கழுதையாகிய இளைஞன் ரோசா மலர்களைத் தின்று மீண்டும் மனித உடல் பெறுகிறான். மகாபாரதத்தில் அகத்தியரின் சாபத்தால் பாம்பாகிய நகுஷன் தருமனால் விடுதலை அடைகிறான். இக்கதைகளில் மாற்றத்திற்குக் காரணம் ஒன்று உண்டு. பல இடங்களில் மீட்சிக்கு வழியும் உண்டு.

ஃபிரான்ஸ் காஃப்கா 1912-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘உருமாற்றம்’ இவ்விரண்டும் இல்லாத கதை. துணி வணிக நிறுவனம் ஒன்றின் பயண விற்பனையாளனாகிய கிரகர் சாம்சா ஒரு காலையில் கண் விழிக்கும்போது தன் உடல் மாபெரும் பூச்சியின் உடலாகியிருக்கக் காண்கிறான். சாபமிட்டவர் எவரும் இல்லை. பிழை இன்னதென்றும் சொல்லப்படவில்லை. இதனினும் வியப்புக்குரியது, அவன் குடும்பத்தாரும் காரணத்தைத் தேடாமையே ஆகும். முதல்நாள் மருத்துவருக்கும் பூட்டுத் திறப்பவருக்கும் ஆள் அனுப்புகின்றனர். பின்பு அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். அதன்பின் அக்குடும்பத்தின் முன் நிற்கும் வினா, இனி யார் சம்பாதிப்பது என்பதே.

இக்கதையை எழுத்தாளரின் மனநோவாக மட்டும் காண்பாரும், காலம் கடந்த மனித நிலையின் உருவகமாக மட்டும் காண்பாரும் உளர். இவ்விரு நோக்கும் கதை பிறந்த ஆண்டையும் இடத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. கிரகரின் விலக்கம் உழைப்பு, பணம், மொழி ஆகிய மூன்று படிகளில் நிகழ்கிறது என்பதையும், அம்மூன்றும் காஃப்காவின் கால வாழ்வில் வேர்கொண்டவை என்பதையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிராக் நகரும் காஃப்கா குடும்பமும்

காஃப்கா 1883 சூலை 3 அன்று, ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் பொகீமியப் பகுதியின் தலைநகராகிய பிராகில் பிறந்தார். அந்நகரில் பெரும்பான்மையோர் செக் மொழியினர். ஜெர்மன் பேசுவோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே இருந்தனர். அச்சிறுபான்மைக்குள்ளும் யூதர் தனித்த ஒரு சிறுபான்மையினர். செக் மக்கள் அவர்களை ஜெர்மானியர் என்றனர். ஜெர்மானியர் அவர்களை யூதர் என்றனர். ஆட்சிமொழி ஆணைகளை ஒட்டி எழுந்த 1897-ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஜெர்மானியரின் கடைகளோடு யூதர் கடைகளும் தாக்கப்பட்டன.

தந்தை ஹெர்மன் காஃப்கா தென்பொகீமியச் சிற்றூரான ஓசெக்கில் இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் மகனாக 1852-இல் பிறந்தவர். வறுமையிலிருந்து தம் முயற்சியால் உயர்ந்து பிராகில் அலங்காரப் பொருள் வணிகம் நடத்தியவர். அவருக்கு உழைப்பும் வணிகமுமே வாழ்வின் அளவுகோல்கள். தலைமகனாகிய ஃபிரான்சுக்குப் பின் பிறந்த ஆண் மக்கள் இருவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். எனவே மூன்று தங்கையரையுடைய அவ்வீட்டில் தந்தையின் எதிர்பார்ப்பு முழுவதும் ஒரே மகன்மீது விழுந்தது.

கதை எழுதப்பெற்ற காலத்தில் காஃப்காவுக்கு வயது 29. சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று அலுவல் பார்த்தபோதிலும் அவர் பெற்றோருடனேயே வாழ்ந்தார். அவரது அறை கூடத்திற்கும் பெற்றோரின் படுக்கையறைக்கும் இடையில் ஒரு நடைவழிபோல் அமைந்திருந்தது. வீட்டின் இரைச்சலைப் பற்றி அவர் எழுதிய சிறுகுறிப்பு 1912-இல் இதழொன்றில் அச்சாயிற்று. பல கதவுகளையுடைய கிரகரின் அறை அவ்வீட்டின் அமைப்பை ஒத்திருப்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர்.

அவ்வாண்டு அக்டோபரில் நேர்ந்த ஒரு பூசல் இங்குக் குறிப்பிடத்தக்கது. காஃப்காவின் மைத்துனர் கார்ல் ஹெர்மன் 1911-இல் தொடங்கிய கல்நார் ஆலையில் காஃப்காவும் பங்காளி. மைத்துனர் வெளியூர் சென்றிருந்தபோது, பிற்பகல்களில் ஆலையை மேற்பார்க்குமாறு குடும்பத்தார் அவரை வற்புறுத்தினர். இரவில் எழுதுவதையே உயிராகக் கொண்ட அவர் மறுத்தார். அவ்வேளையில் எப்போதும் அவர் பக்கம் நிற்கும் கடைசித் தங்கை ஒட்லாவும் பெற்றோருடன் சேர்ந்துகொண்டார். உயிரை விடும் எண்ணம் எழுந்ததாக நண்பர் மாக்ஸ் பிராடுக்குக் காஃப்கா கடிதம் எழுதினார். கலங்கிய பிராட் அச்செய்தியைக் காஃப்காவின் தாய்க்குத் தெரிவித்தார்.

ஆறு வாரங்கள் கழித்து, நவம்பர் 17 அன்று ‘உருமாற்றம்’ தொடங்கப்பெற்றது. இடையில் அலுவல் காரணமாக மேற்கொண்ட பயணம் எழுத்தைக் குலைத்தது என்று அவர் வருந்தினார். டிசம்பர் 7-ஆம் நாளளவில் கதை முடிவுற்றது. அண்ணனுக்கு உணவு கொண்டுவரும் தங்கையே இறுதியில் அவனை அகற்றவேண்டும் என்று தீர்ப்புரைப்பதை இப்பின்னணியோடு பொருத்திப் பார்க்கலாம். எனினும் சாம்சா குடும்பம் காஃப்கா குடும்பத்தின் நேர்ப்படி அன்று. கதையில் வரும் குடும்பத்தார் கிறித்தவர், மகன் இறந்தபோது சிலுவைக் குறி இடுகின்றனர். தம் குடும்பத்தின் இனத்தையும் சமயத்தையும் காஃப்கா நீக்கிவிட்டார். உறவுகளின் அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

உழைக்கும் உடலின் மதிப்பு

காஃப்கா 1908 முதல் 1922-இல் ஓய்வு பெறும்வரை, பொகீமிய அரசின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நிறுவனம் 1887-ஆம் ஆண்டின் ஆஸ்திரிய விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தின்படி அமைந்தது. ஆலைகளை அவற்றின் இடர்நிலைக்கு ஏற்ப வகைப்படுத்துவதும், முதலாளிகளின் மேல்முறையீடுகளுக்கு விடை எழுதுவதும், விபத்துத் தடுப்புக்கு வழி கூறுவதும் அவர்தம் பணிகளுள் சில. மரம் இழைக்கும் எந்திரங்களில் சதுரத் தண்டுக்கு மாற்றாக உருளைத் தண்டைப் பயன்படுத்தினால் விரல்கள் துண்டிக்கப்படுவதைத் தவிர்க்கலாம் என்று படங்களுடன் அவர் எழுதிய பகுதி, நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் 1910-இல் வெளிவந்தது.

இச்சட்டம் தொழிலாளிக்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் அது மனித உடலைப் புதிய முறையில் கணக்கிடவும் கற்பித்தது. ஈட்டும் ஆற்றலில் எவ்வளவு குறைந்தது என்பதே உடற்சேதத்தின் அளவாயிற்று. ஆற்றல் முழுவதையும் இழந்தவனுக்கு ஆண்டு வருவாயில் 60 விழுக்காடு உதவித்தொகை எனச் சட்டம் வகுத்தது. வலியும் நாணமும் தனிமையும் இக்கணக்கினுள் வரா. நாள்தோறும் இக்கணக்கோடு பழகிய ஒருவரே, ஒரே இரவில் ஈட்டும் ஆற்றல் முழுவதையும் இழந்த மகனின் கதையை எழுதினார்.

கதையின் முதற்பகுதி முழுவதும் கடிகாரத்தால் ஆளப்படுகிறது. கிரகர் ஏறவேண்டிய தொடர்வண்டி ஐந்து மணிக்குப் புறப்படுவது. அவன் விழிக்கும்போது ஆறரை மணி. தன் உடல் மாறியதைவிடப் பணிக்குப் பிந்தியதே அவனை அதிகம் கலங்கவைக்கிறது. ஐந்தாண்டுப் பணியில் ஒருமுறையேனும் நோயுற்றதில்லை எனினும், நோய் என்று சொல்ல அவன் அஞ்சுகிறான். முதலாளி நோய்க் காப்பீட்டு நிதியத்தின் மருத்துவரோடு வருவார். அம்மருத்துவர் எல்லாரையும் நலமுடையோர், உழைக்க மனமில்லாதோர் என்றே கருதுவார் என்பது அவன் எண்ணம். ஏழேகால் மணிக்குள் நிறுவனத்தின் தலைமை எழுத்தர் வீட்டு வாயிலில் நிற்கிறார். கதவுக்கு வெளியிலிருந்தே கிரகரின் நாணயத்தை ஐயுற்றுப் பேசுகிறார். கிரகர் நீண்ட விளக்கம் கூறுகிறான். வெளியில் நிற்போர்க்கு அது விளங்கவில்லை. அது விலங்கின் குரல் என்று முதலில் கூறுபவர் அத்தலைமை எழுத்தரே ஆவார். கிரகரை மனித இனத்தினின்று நீக்கும் முதற்சொல் அலுவலகத்தின் வாயிலிருந்து வருவது கருதத்தக்கது.

குடும்பத்தின் வரவுசெலவு

கதைக்கு ஐந்தாண்டுகளுக்கு முன் தந்தையின் வணிகம் நொடித்தது. அவர் பட்ட கடன் கிரகரின் முதலாளிக்கே உரியது. அதனைத் தீர்க்க இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கவேண்டும் எனக் கிரகர் கணக்கிட்டிருக்கிறான். அவன் முதன்முதலில் பணம் கொண்டுவந்து மேசைமீது வைத்தபோது வீட்டார் வியந்து மகிழ்ந்தனர். பின்பு அது வழக்கமாயிற்று. அவர்கள் நன்றியுடன் பெற்றனர். அவன் விருப்பத்துடன் தந்தான். ஆயினும் அன்பின் வெம்மை குன்றிப்போயிற்று.

உருமாற்றத்திற்குப் பின் ஓர் உண்மை வெளிப்படுகிறது. நொடித்த வணிகத்திலிருந்து தந்தை ஒரு தொகையைக் காப்பாற்றி வைத்திருந்தார். கிரகர் தந்த பணத்திலும் மீதம் பிடித்துச் சேர்த்திருந்தார். அத்தொகையைக் கொண்டு கடனை முன்னரே குறைத்துக் கிரகர் அப்பணியினின்று விடுபட்டிருக்கலாம். கதவின் பின்னிருந்து இதைக் கேட்கும் கிரகர் சினம் கொள்ளவில்லை. தந்தையின் முன்யோசனையை எண்ணி மகிழ்கிறான். சுரண்டப்பட்டவனே சுரண்டலைப் பாராட்டும் இவ்விடம் கதையின் மிகத் துயரமான இடங்களுள் ஒன்று எனலாம்.

சேமிப்பு ஓராண்டிற்கோ இரண்டாண்டுகளுக்கோ மட்டுமே போதும். ஆகவே தளர்ந்து கிடந்த தந்தை வங்கிச் சிற்றூழியராகிப் பொற்பொத்தான் சீருடை அணிகிறார். தாய் துணிக்கடைக்கு உள்ளாடை தைக்கிறாள். பதினேழு வயதுத் தங்கை கிரெட்டெ கடையில் விற்பனைப் பணியேற்றுச் சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் கற்கிறாள். வாடகைக்கு மூவர் குடியமர்த்தப்படுகின்றனர். கிரகர் உழைத்தபோது செயலற்றிருந்தோர் அவன் செயலற்றதும் எழுந்து நிற்கின்றனர். சீருடையணிந்த தந்தை எறிந்த ஆப்பிள் கிரகரின் முதுகில் புதைந்து அழுகுகிறது. அப்பழத்தை எவரும் எடுத்து அகற்றவில்லை.

ஆயினும் குடும்பத்தாரைக் கொடியோர் என்று ஒதுக்குவது கதைக்கு நீதி செய்வதாகாது. அறையிலுள்ள பொருள்களை அகற்றினால், மகன் மீள்வான் என்ற நம்பிக்கையைக் கைவிட்டதாகும் என்று தாய் தயங்குகிறாள். கிரெட்டெ தொடக்கத்தில் பலவகை உணவுகளைப் பரப்பிவைத்து, அண்ணனுக்கு எது பிடிக்கிறது என்று அறிய முயல்கிறாள். நாள்தோறும் பணி முடிந்து களைத்து வரும் அவளால் அப்பரிவை நீட்டிக்க இயலவில்லை. முதலாளித்துவ நகர வாழ்வில் சிறுகுடும்பத்திற்குப் பின்துணையாக உற்றாரும் ஊரும் இல்லை. உழைக்க இயலாத ஒருவரைத் தாங்கும் சுமை மூவர் தோளில் மட்டும் விழுகிறது. அன்பு தீர்ந்ததைக் கூறும் அளவிற்கு, ஓய்வும் பணமும் தீர்ந்ததையும் கதை கூறுகிறது.

‘அவன்’ என்பதும் ‘அது’ என்பதும்

விலக்கத்தின் மூன்றாம் படி மொழியில் நிகழ்கிறது. கிரகரின் புதிய உருவைக் குறிக்கக் காஃப்கா ஆண்ட சொல் ‘உங்கெட்ஸீஃபர்’ என்பதாகும். இஃது ஒரு குறிப்பிட்ட பூச்சியினத்தின் பெயர் அன்று. அருவருப்பையும் தீங்கையும் விளைக்கும் உயிர்கள் அனைத்திற்கும் பொதுப்பெயர். இடைக்கால ஜெர்மன் மொழியில் இதன் மூலச்சொல் பலிக்கு உதவாத தூய்மையற்ற விலங்கைக் குறித்தது. தமிழில் ‘பூச்சி’ என்னும் சொல்லில் இவ்விலக்கற்பொருள் இல்லை. பேச்சுவழக்கின் ‘பூச்சிபொட்டு’ ஓரளவு நெருங்கிவருகிறது. 1915-இல் நூல் அச்சாகும் வேளையில், மேலட்டையில் பூச்சியை வரையவே கூடாது, தொலைவிலிருந்து காட்டவும் கூடாது எனக் காஃப்கா பதிப்பகத்திற்கு எழுதினார். உருவத்தைக் காட்டினால் சொல்லின் ஆற்றல் குறைந்துவிடும் என்று அவர் கருதினார் போலும்.

இச்சொல் வீட்டில் அவர் கேட்ட சொல்லும் ஆகும். 1911-12-இல் பிராக் வந்த இட்டிஷ் மொழி நாடகக்குழுவின் நடிகர் இட்சாக் லோவி காஃப்காவின் நண்பரானார். தந்தை அந்நண்பரை அறியாமலேயே இத்தகைய உயிரோடு ஒப்பிட்டார் என்பதை, 1919-இல் தந்தைக்கு எழுதி, அவர் கையில் சேராமலே போன நெடுங்கடிதத்தில் காஃப்கா நினைவுகூர்கிறார்.

கதைக்குள் மொழியின் மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது. உருமாற்றத்திற்குப் பின் தங்கை கிரகரை நோக்கி நேரே பேசும் முதற்சொல், கையை ஓங்கிக்கொண்டு அவன் பெயரை விளிப்பதாகும். இறுதிப்பகுதியில், இவ்விலங்கின் முன் தன் அண்ணன் பெயரைச் சொல்லமாட்டேன் என்கிறாள். ‘அதை’ அகற்றவேண்டும் என்று அஃறிணையில் பேசுகிறாள். அப்போதும் தந்தை, ‘அவன்’ நம் பேச்சைப் புரிந்துகொண்டால் நன்றாயிருக்குமே என்று ஏங்குகிறார். ஒரே உரையாடலில் ஒருவர் உயர்திணையிலும் மற்றவர் அஃறிணையிலும் பேசுவது நோக்கத்தக்கது. வெல்வது தங்கையின் திணையே. வீட்டுவேலை செய்யும் முதிய பெண், கிரகர் இறந்ததை விலங்கின் சாவுக்குரிய வினையாலேயே அறிவிக்கிறாள். பின்பு அவ்வுடலை அடுத்த அறையிலுள்ள பொருள் என்று சுட்டுகிறாள். மகன் முதலில் ‘அது’ ஆகிறான். பின்பு உயிரற்ற பண்டம் ஆகிறான்.

கதைசொல்லி மட்டும் இறுதிவரை ‘அவன்’ என்றே கூறுகிறார். கிரகர் இறந்தபின் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை ‘தந்தை’, ‘தாய்’ என்று சுட்டப்பெற்றோர் அதன்பின் ‘திரு சாம்சா’, ‘திருமதி சாம்சா’ ஆகின்றனர். உறவுப்பெயர்கள் மகனின் பார்வையால் நின்றவை. அவன் மறைந்ததும் அவையும் மறைகின்றன.

இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குத் தனிப்பொறுப்பு உண்டு. ஜெர்மன் மொழியில் இவ்வேறுபாடு சுட்டுப்பெயரில் மட்டுமே வெளிப்படும். வினைமுற்று அதனைக் காட்டாது. சொல்லதிகாரத்தைத் திணைப் பாகுபாட்டோடு தொல்காப்பியர் தொடங்கிய தமிழிலோ, படர்க்கை வினைமுற்றும் அதனைக் காட்டிநிற்கும். சுவரில் ஊர்ந்தான் என்பதா, ஊர்ந்தது என்பதா என்று தமிழில் எழுதுவோர் ஒவ்வொரு தொடரிலும் தீர்மானிக்கவேண்டும். மூலத்தின் நெறி ‘ஊர்ந்தான்’ என்பதே. பூச்சியின் செயலும் ஆண்பால் விகுதியும் ஒரே சொல்லில் மோதும் அம்மோதலே கதையின் அறநிலைப்பாடு ஆகும்.

‘அந்நியமாதல்’ என்னும் கருத்தும் 1963-ஆம் ஆண்டும்

இக்கதையைப் பற்றிய திறனாய்வில் ‘அந்நியமாதல்’ என்னும் சொல் இன்று இன்றியமையாதது. உழைப்பாளி தன் உழைப்பினின்றும் தன்னினின்றும் பிற மனிதரினின்றும் அந்நியமாவதைக் கார்ல் மார்க்ஸ் 1844-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் விரித்துரைத்தார். அவை 1932-இல்தான் முழுமையாக அச்சேறின. காஃப்காவோ 1924 சூன் 3 அன்று காசநோயால் இறந்துவிட்டார். எனவே அவர் அக்கோட்பாட்டுக்குக் கதை வடித்தார் என்று கூற இயலாது. ஆலைகளையும் ஏடுகளையும் நாள்தோறும் கண்ட ஒருவர் தம் வழியே சென்று அதே உண்மையை அடைந்தார் என்பதே பொருந்தும்.

அக்கருத்து அரசியல் வினாவாக மாறியது 1963 மே மாதத்தில். பிராகுக்கு அருகிலுள்ள லிப்லிட்சே மாளிகையில் காஃப்கா குறித்த கருத்தரங்கு நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்திய எதுவார்ட் கோல்ட்ஷ்டூக்கர் 1950களில் சிறைவாழ்வு கண்டவர். ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஃபிஷர், பிரான்சின் ரோஜே கரோதி முதலியோர் பங்கேற்றனர். அந்நியமாதல் முதலாளித்துவத்திற்கு மட்டும் உரியதா, பொதுவுடைமை நாடுகளிலும் உண்டா என்பதே விவாதத்தின் மையம். அது தம் சமுதாயத்தில் கடந்த காலச் செய்தி என்று கிழக்கு ஜெர்மானிய அறிஞர் வாதிட்டனர். மற்றவர் அதனை ஏற்கவில்லை. 1968-ஆம் ஆண்டின் ‘பிராக் வசந்த’த்திற்கு இக்கருத்தரங்கை முன்னோடியாகக் கருதுவோர் உளர். அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நியப் படைகள் நுழைந்தபின் கோல்ட்ஷ்டூக்கர் நாட்டை விட்டு வெளியேறினார்.

முடிவுரை

கிரகர் இறந்த மார்ச் மாத இறுதி நாளில் குடும்பத்தார் மூவரும் விடுப்பு வேண்டி மூன்று கடிதங்கள் எழுதிவிட்டு, டிராம் வண்டியில் ஊர்ப்புறம் செல்கின்றனர். வெயில் இதமாக இருக்கிறது. மகள் வளர்ந்து அழகாகிவிட்டதைப் பெற்றோர் கவனிக்கின்றனர். அவளுக்கு மாப்பிள்ளை தேடும் எண்ணம் அவர்களுக்கு எழுகிறது. கிரகர் இருந்த இடத்தில் இனி கிரெட்டெ நிற்பாள் என்பது குறிப்பு. கிரகர் தாங்கிய எதிர்பார்ப்பு அடுத்த உடல்மீது ஏறுகிறது.

காஃப்காவின் தங்கையர் மூவரும் பின்னாளில் நாசி ஆட்சியால் அழிக்கப்பட்டனர். எல்லியும் வல்லியும் 1941-இல் உவூட்ஸ் யூதச்சேரிக்கு அனுப்பப்பட்டு மடிந்தனர். ஒட்லா தெரேசியன்ஷ்டாட் முகாமிலிருந்து, குழந்தைகளுக்குத் துணையாகச் செல்ல முன்வந்து, 1943 அக்டோபரில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். அக்கொலைகளுக்கு முன் யூதரைக் குறிக்க அவ்வாட்சியின் பரப்புரை ஆண்ட சொற்களுள், கிரகரின் உருவைக் குறித்த அச்சொல்லும் ஒன்று. 1912-இல் எழுதியவர் இதை முன்னுணர்ந்தார் என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்று. ஆனால் ஒருவரை வெளியேற்றுமுன் அவர் பெயரை நீக்கவேண்டும்; பெயரை நீக்கியபின் எதுவும் எளிதாகும் என்பதை அவர் ஒரு சிறுகுடும்பத்தின் உணவு மேசையில் கண்டு எழுதினார்.

முதுமையாலோ நோயாலோ ஊனத்தாலோ ஈட்டும் ஆற்றலை இழந்தவரை வீட்டார் எவ்வாறு சுட்டுகின்றனர் என்பது எம்மொழியிலும் எக்காலத்திலும் கேட்கத்தக்க வினா. படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரைப் பற்றி, அவர் காதில் விழுமாறே, ‘அது இன்னும் சாப்பிடவில்லை’ என்று கூறப்படும் வீடுகள் நம்மிடையிலும் உண்டு. கிரகரின் உருமாற்றம் ஒரே இரவில் முடிந்துவிட்டது. அவனைச் சூழ்ந்தோர் மொழியில் நிகழ்ந்த மாற்றத்திற்கோ சில மாதங்கள் தேவைப்பட்டன. அவனது சாவுக்கு வழி வகுத்தது அவ்விரண்டாம் மாற்றமே என்பது கதை தரும் முடிவாகும்.